மிசின் பெட்டிய இழுக்கேக்க பெட்டியும் மிசினை அதே அளவுக்கு இழுக்குதெண்டா, ரெண்டும் எப்பிடி முன்னுக்குப் போகுது?

மல்லாவியில இருந்து ஏ.எல் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: நியூற்றன்ர மூண்டாம் விதிப்படி உழவு மிசின் (றக்ரர்) பின்னால கொழுவின பெட்டிய (ரெயிலரை) எவ்வளவு விசையில இழுக்குதோ அதே விசையில பெட்டியும் மிசினைப் பின்னுக்கு இழுக்குதாம், அப்ப ரெண்டும் வெட்டுப்பட்டுப் பூச்சியமாத்தானே வரவேணும், பிறகு எப்பிடி அசையுது? மற்றது, உந்தமும் இயக்கச் சக்தியும் ஒண்டையே ரெண்டு தரம் சொல்லுற மாதிரிக் கிடக்கு, ஏன் ரெண்டு?

தங்கச்சி, முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில்: அந்த ரெண்டு விசையும் வேற வேற பொருளில தாக்குது, அதால வெட்டுப்படாது. ஆனா இந்த ஒரு வரிய எல்லா ரியூட்டரியிலயும் சொல்லிக் குடுக்கினம், பிள்ளையளும் பாடமாக்கிச் சொல்லுதுகள், கணக்கில வந்தவுடன திரும்பவும் ரெண்டையும் வெட்டி விடுதுகள். எந்தப் பொருளைப் பற்றிக் கதைக்கிறம் எண்டதை முடிவெடுக்காமலே அம்புக்குறி கீறத் தொடங்கினா உப்பிடித்தான் வரும். நான் என்ர பிள்ளையளுக்குச் சொல்லுறது ஒண்டுதான், படத்தைக் கீறிப்போட்டு நீங்க ஆராயப்போற பொருளைச் சுத்திப் பென்சிலால ஒரு வட்டம் போடுங்கோ. வட்டத்துக்கு வெளியில இருக்கிற ஏதோ ஒண்டு உள்ளுக்க இருக்கிறதில குடுக்கிற விசை மட்டும்தான் உங்கட கணக்கு. உள்ளுக்க இருக்கிறது வெளியில குடுக்கிற விசை இருக்கு, இல்லையெண்டு இல்லை, ஆனா அது வேற வட்டத்தின்ர கணக்கு.

இலக்கம் போட்டுப் பாத்தாத்தான் நம்பிக்கை வரும். நெல்லு மூட்டை ஏத்தின பெட்டி 2500 கிலோ, மிசின் 2000 கிலோ எண்டு வைப்பம். கிரவல் றோட்டில பெட்டிக்கு வாற தடை 1500 நியூற்றன், மிசினுக்கு வாற தடை 300 நியூற்றன். மிசின் பெட்டிய 2000 நியூற்றனால இழுக்குது. இப்ப பெட்டியச் சுத்தி வட்டத்தைப் போடுங்கோ. முன்னுக்கு 2000, பின்னுக்கு 1500, மிச்சம் 500, அதை 2500 ஆல பிரிச்சா ஆர்முடுகல், அதாவது வேகம் கூடுற வீதம், 0.2 வருது, அலகு மீற்றர் பர் செக்கன் வர்க்கம். பெட்டி அசையுது, பிரச்சினை முடிஞ்சுது. பெட்டி மிசினைப் பின்னுக்கு இழுக்கிற 2000 இந்த வட்டத்துக்குள்ள வரவே இல்லை எண்டதைக் கவனியுங்கோ.

அடுத்தது மிசினைச் சுத்தி வட்டம். இப்பதான் அந்தப் பின்னிழுக்கிற 2000 வருது, அதோட தடை 300. மிசினும் பெட்டியோட சேந்துதான் போகுது, அதால அதுக்கும் ஆர்முடுகல் 0.2, அதுக்கு விளையுள் விசை 400 வேணும். அப்ப முன்னுக்கு ஏதோ ஒண்டு மிசினை 2700 நியூற்றனால தள்ளவேணும். அந்த ஏதோ ஒண்டு என்ன? வகுப்பில கேட்டா எல்லாரும் ஒரே குரலில எஞ்சின் எண்டுவினம். எஞ்சின் வட்டத்துக்கு உள்ளுக்க எல்லோ கிடக்கு! உள்ளுக்க இருக்கிறது எவ்வளவு உறுமினாலும் தானிருக்கிற வட்டத்தை நகர்த்த ஏலாது. தள்ளுறது நிலம். எஞ்சின் சில்லைச் சுத்துது, சில்லு நிலத்தைப் பின்னுக்குத் தள்ளுது, நிலம் மூண்டாம் விதிப்படி சில்லை முன்னுக்குத் தள்ளுது, அதுக்குப் பேர் உராய்வு. உராய்வு எப்பவும் இயக்கத்துக்கு எதிராத்தான் தாக்கும் எண்டு சின்ன வகுப்பில படிச்சதை இந்த இடத்தில கழட்டி வைக்கவேணும். தொடுற ரெண்டு மேற்பரப்பும் ஒண்டுக்கு மேல ஒண்டு வழுக்கிறதைத்தான் உராய்வு எதிர்க்கும், வண்டி முன்னுக்குப் போறதை இல்லை. பின்னுக்கு வழுக்கப் பாக்கிற சில்லில அது முன்பக்கமாத்தான் தாக்கும்.

இதுக்கு பரிசோதனைச்சாலை ஒண்டும் தேவையில்லை, மாரியில வயலுக்க இறங்கினாச் சரி. சேத்துக்க மாட்டின மிசினுக்கு எஞ்சின் வேலை செய்யுது, சில்லும் சுத்துது, புகையும் வருது, ஆனா மிசின் நிண்ட இடத்திலயே நிண்டு கீழ கீழ இறங்குது. எஞ்சின்தான் தள்ளுறதெண்டா அது ஏன் போகேல்லை? சேறு 2700 நியூற்றனைத் திருப்பிக் குடுக்காது, அவ்வளவுதான். அதுக்குத்தான் சேத்து உழவுக்கு இரும்புச் சில்லு பூட்டுறது, அந்தச் சட்டமெல்லாம் சேத்துக்க வெட்டி இறங்கிப் பெரிய பரப்பைப் பின்னுக்குத் தள்ளுது, சேறும் அவ்வளவுக்குத் திருப்பித் தள்ளுது. லாண்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மிசின் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது சொல்லித் தரத் தேவையில்லாத விசயம், ஆனா அவையின்ர பிள்ளையள் சோதினையில எஞ்சின் எண்டுதான் எழுதுதுகள், அதுதான் எனக்கு விளங்காத விசயம்.

இன்னொரு பிழை இருக்கு, ஆர்முடுகேக்க மிசின் பெட்டிய கொஞ்சம் கூட இழுக்குது, பெட்டி கொஞ்சம் குறையத் திருப்பி இழுக்குது, அதாலதான் ரெண்டும் முன்னுக்குப் போகுது எண்டு சிலபேர் தாங்களே ஒரு விளக்கம் கண்டுபிடிச்சு வச்சிருப்பினம். இல்லை. நிக்கேக்கயும் சமன், சீரான வேகத்தில போகேக்கயும் சமன், ஆர்முடுகேக்கயும் சமன், பள்ளத்தில விழுந்து இழுபடேக்கயும் சமன். மூண்டாம் விதிக்கு விதிவிலக்கு உங்கட பாடத்திட்டத்தில எங்கயும் இல்லை.

இதோட சேத்து மூட்டைக் கணக்கையும் பாத்திடுங்கோ, ஏனெண்டா பல்தேர்வில அடிக்கடி மாட்டுற இடம். பெட்டிக்குள்ள 70 கிலோ மூட்டை கிடக்கு, ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எண்டு எடுத்தா நிறை 700 நியூற்றன் கீழ, பெட்டித் தட்டு குடுக்கிற செவ்வன் மறுதாக்கம் 700 நியூற்றன் மேல. சமனும் எதிரும், அப்ப தாக்கமும் மறுதாக்கமும் இதுதான் எண்டு போட்டா பிழை. ரெண்டும் ஒரே வட்டத்துக்குள்ள, அதாவது ஒரே மூட்டையில தாக்குது, மூண்டாம் விதிச் சோடி ஒரு நாளும் ஒரே பொருளில தாக்காது. பெட்டி ஒரு கிடங்குக்க இறங்கேக்க கீழ நோக்கி ஆர்முடுகல் 2 எண்டா செவ்வன் மறுதாக்கம் 560 ஆகக் குறைஞ்சிடும், நிறை அதே 700 தான். சோடியெண்டா உப்பிடிப் பிரிஞ்சு போகேலாது. நிறையின்ர உண்மையான சோடி, மூட்டை பூமிய மேல நோக்கி இழுக்கிற 700 நியூற்றன். பூமி அசையாததுக்குக் காரணம் அதின்ர திணிவு 6 க்குப் பின்னால 24 பூச்சியம் போட்ட கிலோ, வேறொண்டுமில்லை.

முதலாம் விதிய நீங்க கேக்கேல்லை, ஆனா அதில ஓட்டை இருந்தா மற்றது நிக்காது, கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். முறிகண்டிப் பிள்ளையாரடியில பஸ் பிறேக் பிடிக்கேக்க நிண்டுகொண்டு வாற ஆக்கள் எல்லாம் முன்னுக்குச் சாயினம், உடனே முன்னுக்கு ஒரு விசை தள்ளுது எண்டு எழுதுறது. சாயிற ஆளைச் சுத்தி வட்டம் போடுங்கோ, வெளியில இருந்து அவரை முன்னுக்குத் தள்ளுற ஒரு சாமானைக் காட்டுங்கோ பாப்பம். ஒண்டுமில்லை. பஸ் தட்டு அவற்ர காலைப் பின்னுக்கு இழுக்குது, மேலுடம்பு முதல் வந்த வேகத்திலயே போகப் பாக்குது, அதுதான் சாய்வு. ஓடிக்கொண்டிருக்கிறது ஓடிக்கொண்டே இருக்கிறதுக்கு விசை தேவையில்லை, வேகம் மாறத்தான் விசை வேணும். அரிஸ்ரோட்டில் காலத்தில இருந்து கன நூற்றாண்டா ஆக்கள் தள்ளிக்கொண்டே இருந்தாத்தான் ஓடும் எண்டுதான் நம்பினவை, நாங்களும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டு வகுப்புக்கு வாறம், ஏனெண்டா சோளகக் காத்துக்கு எதிரா சைக்கிள் உழக்கிப் பாத்த ஆருக்கும் அதுதான் சரியெண்டு படும். காத்தையும் உராய்வையும் ஒரு பக்கமாக் கழட்டி வச்சிட்டு யோசிச்சது கலிலியோ, அதை விதியா எழுதி வச்சது நியூற்றன், 1687 இல. 1977 இல ஏவின வொயேஜர் 1 விண்கலம் இப்பவும் செக்கனுக்கு ஏறத்தாள 17 கிலோமீற்றர் ஓடுது, பின்னால ஒரு எஞ்சினும் தள்ளேல்லை, சூரியன்ர ஈர்ப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னுக்கு இழுக்குது.

இனி ரெண்டாவது கேள்வி, இதில கொஞ்சம் நிண்டு பாக்கவேணும்.

உந்தம் திணிவு தர வேகம், இயக்கச் சக்தி அரைவாசி திணிவு தர வேகத்தின்ர வர்க்கம். ரெண்டும் ஓட்டத்தைத்தான் அளக்குது, அதால ஒண்டுபோலத் தெரியிறதில உங்கட பிழை இல்லை. 17 ஆம் நூற்றாண்டிலயே டெக்காட், லைபினிற்ஸ் எண்ட ரெண்டு அறிஞரில, உந்தத்துக்கு டெக்காட் பக்கம் ஒரு கூட்டம், சக்திக்கு லைபினிற்ஸ் பக்கம் ஒரு கூட்டம் எண்டு பிரிஞ்சு நிண்டு எது உண்மையான அளவு எண்டு கன காலம் சண்டை பிடிச்சவை, முடிவு என்னெண்டா ரெண்டும் வேணும். ஒரு விசையை எவ்வளவு நேரம் குடுத்தீங்க எண்டதை உந்த மாற்றம் சொல்லும், எவ்வளவு தூரத்துக்குக் குடுத்தீங்க எண்டதைச் சக்தி மாற்றம் சொல்லும். விசை தர நேரம் கணத்தாக்கு, விசை தர தூரம் வேலை.

பிறேக்கில வச்சுப் பாப்பம். மணிக்கு 36 கிலோமீற்றர் எண்டா செக்கனுக்கு 10 மீற்றர், மணிக்கு 72 எண்டா செக்கனுக்கு 20 மீற்றர். அமர்முடுகல், அதாவது வேகம் குறையிற வீதம், 5 எண்டு எடுங்கோ, நல்ல றோட்டில நல்ல பிறேக்குக்கு அது ஆகலும் கூடின கணக்கில்லை. 10 இல போறவன் நிக்க 2 செக்கன், 20 இல போறவன் நிக்க 4 செக்கன். வேகம் ரெண்டு மடங்கு, உந்தம் ரெண்டு மடங்கு, நேரமும் ரெண்டு மடங்கு. ஆனா தூரம்? முதலாவது ஆளுக்கு 10 மீற்றர், ரெண்டாவது ஆளுக்கு 40 மீற்றர். நாலு மடங்கு, ஏனெண்டா இயக்கச் சக்தி நாலு மடங்கு. இதில மனுசன் கண்டு கால் வைக்கிறதுக்குப் போற ஒரு செக்கனையும் சேத்தா 20 மீற்றரும் 60 மீற்றரும். ஏ9 இல இரவில மாடு படுத்திருக்கிறதை லைற் வெளிச்சத்தில காணுற தூரம் எவ்வளவெண்டு ஓடுற ஆக்களுக்குத் தெரியும், ரெண்டு மடங்கு வேகம்தானே எண்டு நினைக்கிறவன் உந்தத்தை மட்டும் படிச்சவன். ரயிலில யானை அடிபட்டது எண்டு செய்தி வரேக்க சாரதி ஏன் நிப்பாட்டேல்லை எண்டு கேக்கிறவையும் இருக்கினம், நூற்றுக்கணக்கான தொன் ஓடுது, உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில பிடிக்கிற உராய்வோ ரயர் தார் றோட்டில பிடிக்கிறதை விடக் கனக்கக் குறைவு, கண்டபிறகு பிறேக் பிடிச்சு என்ன செய்யிறது.

ஹெல்மெற்றில ரெண்டு கணக்கையும் ஒண்டாப் பாக்கலாம். ஒருத்தர் மோட்டச்சைக்கிளில இருந்து சரிஞ்சு விழுறார், தலை 1.6 மீற்றர் உயரத்தில இருந்து நிலத்தில அடிக்குது எண்டு வைப்பம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எண்டு எடுத்தா வேகத்தின்ர வர்க்கம் 32, வேகம் பரும்படியா 5.7. தலை 5 கிலோ எண்டா உந்தம் 28 சொச்சம், இயக்கச் சக்தி 80 யூல். இந்த ரெண்டையும் பூச்சியமாக்காம தலை நிக்காது, ஹெல்மெற் போட்டாலும் போடாட்டிலும் இதில ஒரு மாற்றமும் இல்லை. மாறுறது என்னெண்டா ஹெல்மெற்றுக்குள்ள இருக்கிற போம் நசிஞ்சு குடுக்கிற தூரம். அது 2.5 சென்ரிமீற்றர் எண்டா 80 ஐ 0.025 ஆல பிரியுங்கோ, 3200 நியூற்றன். அது இல்லாம 3 மில்லிமீற்றரில தலை நிக்கவேணுமெண்டா விசை 26,000 ஐயும் தாண்டுது. இதையே உந்தத்தால பாத்தா முதலாவதுக்கு ஏறத்தாள 9 மில்லிசெக்கன் கிடைக்குது, ரெண்டாவதுக்கு ஒரு மில்லிசெக்கன். அதே விசை, ரெண்டு வழியாலயும் வரும், வராட்டி உங்கட கணக்கில எங்கயோ பிழை. பொலிசைக் கண்டவுடன தூக்கிப் போடுற, வார் பூட்டாத ஹெல்மெற் விழேக்க தலைக்கு முதல் தான் ஓடிப்போயிடும், அதைப் பற்றிப் பௌதிகவியலில சொல்ல ஒண்டுமில்லை.

ரெண்டுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம், உந்தத்துக்குத் திசை இருக்கு, சக்திக்கு இல்லை. 0.16 கிலோ கிறிக்கெற் பந்து செக்கனுக்கு 25 மீற்றரில வந்து மட்டையில பட்டு 15 இல திரும்பிப் போகுதெண்டா உந்த மாற்றம் 0.16 தர 10 இல்லை, 0.16 தர 40, அதாவது 6.4. திசையைக் காட்டுற சக, சய (+, −) குறியை விட்டால் புள்ளி போச்சு.

இப்ப உந்தக் காப்பு. இதுவும் வட்டக் கதைதான், ஆனா இந்த முறை வட்டத்தை வேணுமெண்டே பெரிசாப் போடுறது. மிசினையும் பெட்டியையும் சேத்து ஒரே வட்டமாப் போடுங்கோ. இழுக்கிற 2000 உம் திருப்பி இழுக்கிற 2000 உம் இப்பதான் உண்மையா வெட்டுப்படுது, நீங்க முதல் கேட்டது இந்த வட்டத்துக்குச் சரி. வெளியில இருந்து வாறது 2700 முன்னுக்கு, 300 உம் 1500 உம் பின்னுக்கு, மிச்சம் 900. மொத்தத் திணிவு 4500, பிரிச்சா அதே 0.2. இப்ப ரெண்டையும் கொழுவியிருக்கிற இரும்பு ஆணி உடைஞ்சு பெட்டி கழண்டு போகுது எண்டு வைப்பம், நிலம் குடுக்கிற விசைகள் அப்பிடியே இருக்கட்டும். மிசினுக்கு 2700 இல 300 போக 2400, ஆர்முடுகல் 1.2 எண்டு பாயுது. பெட்டிக்குப் பின்னுக்கு 1500, அமர்முடுகல் 0.6. ஆனா மிசின்ர உந்தம் செக்கனுக்கு 2400 கூடுது, பெட்டின்ர உந்தம் செக்கனுக்கு 1500 குறையுது, கூட்டிப் பாருங்கோ, அதே 900. ஆணி உடைஞ்சது பெரிய வட்டத்துக்குத் தெரியவே தெரியாது. உள்விசையால மொத்த உந்தத்தில கை வைக்கேலாது, வெளிவிசை பூச்சியமெண்டா மொத்த உந்தம் மாறவே மாறாது, காப்பு விதி எண்டு பெரிசாச் சொல்லுறது இவ்வளவுதான்.

நந்திக்கடலில சின்னத் தோணியில நிண்டு கரைக்குக் குதிச்சா தோணி பின்னுக்குப் போறதைப் பாத்திருப்பியள். 60 கிலோ ஆள் செக்கனுக்கு 2 மீற்றரில குதிச்சா 120 கிலோ தோணி செக்கனுக்கு 1 மீற்றரில மற்றப் பக்கம் போகும், 120 உம் சய 120 உம், மொத்தம் பூச்சியம், குதிக்க முதலும் பூச்சியம். ஆனா இயக்கச் சக்தி முதல் பூச்சியம், இப்ப 120 உம் 60 உம் சேந்து 180 யூல். அது அவற்ர தசையில இருந்து வந்தது. உந்தம் காக்கப்பட்டால் இயக்கச் சக்தியும் காக்கப்படும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது எண்டதுக்கு இதை விட லேசான உதாரணம் இல்லை.

மறுபக்கமும் இருக்கு. 630 கிலோப் பெட்டி உராய்வில்லாத தளத்தில செக்கனுக்கு 2 மீற்றரில தானா உருண்டு போகுது, மேல இருந்து 70 கிலோ மூட்டைய நேர கீழ போடினம். 1260 ஐ 700 ஆல பிரிச்சா 1.8. உந்தம் அதே 1260, இயக்கச் சக்தி 1260 யூலில இருந்து 1134 யூலுக்கு இறங்கிட்டுது, 126 யூல் மூட்டை தட்டில இழுபட்டதில வெப்பமாப் போச்சுது. சரி, இப்ப அந்த மூட்டை பெட்டியில இருந்து தானா நழுவி விழுந்தா பெட்டின்ர வேகம் திரும்ப 2 க்கு ஏறுமோ? வகுப்பில அரைவாசிப் பேர் ஓம் எண்டு கை தூக்குவினம். ஏறாது. விழுற மூட்டை அதே 1.8 ஓடதான் வெளிய போகுது, தன்ர உந்தத்தைத் தானே கொண்டு போகுது, பெட்டிய ஒருத்தரும் தள்ளேல்லை. பெட்டி 1.8 இலயே போகும். மூட்டைய ஒருத்தர் பின்னுக்கு எறிஞ்சா அது வேற கதை, அப்ப ஏறும்.

அந்த வேற கதைதான் தோட்டத்துத் தண்ணிப் பம்பில நடக்குது. ரெண்டு இஞ்சிக் குழாயால செக்கனுக்கு 10 லீற்றர் தண்ணி, வேகம் செக்கனுக்கு ஏறத்தாள 5 மீற்றர். 10 கிலோ தண்ணிக்கு ஒவ்வொரு செக்கனும் 50 அலகு உந்தம் குடுபடுது, அதாவது 50 நியூற்றன் விசை. தண்ணி அதே 50 ஐத் திருப்பிக் குடுக்கும், அதுதான் பைப்பின்ர நுனி கையை விட்டுப் பின்னுக்கு உதறப் பாக்கிறது. தண்ணி எதில போய்ப் படுது, வாய்க்காலிலயோ சுவரிலயோ காத்திலயோ எண்டது பைப்புக்குத் தேவையே இல்லை, வாயை விட்டு வெளிக்கிட்டவுடன கணக்கு முடிஞ்சுது.

ரொக்கெற்றும் உதேதான். காத்தில்லாத வெளியில ரொக்கெற் எதைத் தள்ளிப் போகும் எண்டு கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ, நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையே 1920 இல ரொக்கெற் ஆராய்ச்சி செய்த ரொபேட் கொடாட்டைப் பாத்து உதைத்தான் கேட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியிறது கூட இவருக்குத் தெரியாது எண்ட மாதிரி நக்கலா ஆசிரியர் தலையங்கம் வேற எழுதினது. ரொக்கெற்றையும் எரிபொருளையும் சேத்து வட்டம் போட்டுப் பாத்திருந்தா காத்து தேவையில்லை எண்டு அவைக்கே தெரிஞ்சிருக்கும், வாயு பின்னுக்குக் கொண்டு போற உந்தத்தை ரொக்கெற் முன்னுக்கு வாங்குது. கொடாட் 1945 இல செத்துப் போனார். அப்பலோ 11 வெளிக்கிட்டு அடுத்த நாள், 1969 ஜூலை 17, அந்தப் பத்திரிகை தங்கட பிழையைத் திருத்தி நாலு வரி போட்டது.

உங்கட பேப்பரில ரொக்கெற்றை விடத் தண்ணிதான் கூட வரும். அதே 50 நியூற்றன் தாரை சுவரில நிமிர்ந்து பட்டு வழிஞ்சு போனா சுவரில 50, பட்டு அதே வேகத்தில திரும்பி வந்தா 100, சரிவாப் பட்டா சுவருக்குச் செங்குத்தான கூறை மட்டும் எடுங்கோ. வட்டத்தைச் சுவரில போடாம, சுவரில படுற அந்தத் தண்ணியில போடுங்கோ, லேசா வரும்.